ஆஸ்டினின் ஓணான்: ஒரே உடலின் நூற்றாண்டு வரலாறு

ஓர் உயிரினம் இருக்கிறது என்பதற்கு உலகத்தின் கையில் ஒரே ஒரு சான்று மட்டும் இருந்தால் அதன் வரலாறு எப்படி எழுதப்படும்? வடகிழக்கு இந்தியாவின் மலைக்காடுகளில் மரங்களின் மேல் வாழும் ஓர் ஓணானின் கதை இந்தக் கேள்விக்கு விடையாக அமைகிறது. கொல்கத்தாவில் சாராயக் கரைசலில் பாதுகாக்கப்பட்ட ஓர் உடலே, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, அந்த இனத்தைப் பற்றி அறிவியல் அறிந்திருந்த அனைத்துக்கும் ஆதாரம். அந்த ஓர் உடலைக் கொண்டு அதற்குப் பெயர் சூட்டினார்கள். அந்த ஓர் உடலைக் கொண்டே பெயரை மாற்றவும் செய்தார்கள். உயிருள்ள ஓணானை மட்டும் எவரும் மீண்டும் கண்டதாகப் பதிவில்லை.

அந்த உடல் கிடைத்த இடமாகக் குறிக்கப்பட்டிருப்பது, அசாமில் டாஃப்லா மலைகளின் அடிவாரத்தில் உள்ள ஹர்முட்டிக்கு அருகிலுள்ள குன்றுகள். இன்று அருணாசலத்தின் தலைநகர்ப் பகுதிக்குச் செல்லும் இரயில் ஹர்முட்டியிலிருந்துதான் பிரிந்து நாகர்லகுனை அடைகிறது. பிரம்மபுத்திரா சமவெளி முடிந்து இமயமலையின் முதல் மடிப்புகள் எழும் இடம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தேயிலைத் தோட்டங்கள் அந்த விளிம்பு வரை வந்து நின்றன. அதற்கு அப்பால் இருந்தவர்களைச் சமவெளியினரும் ஆங்கிலேயரும் ‘டாஃப்லா’ என்று அழைத்தனர். அம்மக்கள் தங்களை நியிஷி என்றே சொல்லிக்கொண்டனர். இந்திய அரசின் பழங்குடிப் பட்டியலில் ‘டாஃப்லா’ என்ற சொல் நீக்கப்பட்டு ‘நியிஷி’ என்று திருத்தப்பட்டது 2008இல்தான். மலைகளின் பெயர், மக்களின் பெயர், ஓணானின் பெயர் ஆகிய மூன்றுமே வெளியிலிருந்து வந்தவை என்பது இந்த வரலாற்றின் போக்கில் மெல்லத் தெளிவாகும்.

1873ஆம் ஆண்டு வங்காளக் கிழக்கு எல்லைப்புற ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. ‘உள்கோடு’ எனப்படும் ஓர் எல்லையை வரைந்து, அதைக் கடக்க அனுமதிச்சீட்டு வேண்டும் என்று அது விதித்தது. தேயிலை, ரப்பர், யானைத் தந்தம் ஆகியவற்றைத் தேடி மலைக்குள் நுழைந்த வணிகர்களால் எழுந்த பூசல்களைக் கட்டுப்படுத்துவது அதன் நோக்கம். அதே காலத்தில் தராங் மாவட்டத்தின் அம்தோலா என்ற சிற்றூரில் ஒரு தாக்குதல் நடந்தது. சமவெளியில் குடியேறியிருந்த தம் இனத்தாரிடமிருந்துதான் கக்குவான் இருமல் மலைக்குப் பரவியது என்று மலைவாசிகள் கருதினர். அந்நோயால் நேர்ந்த இறப்புகளுக்கு அவர்கள் ஈடு கேட்டனர். கிடைக்காதபோது ஊரைத் தாக்கிப் பலரைச் சிறைபிடித்துச் சென்றனர். ஆங்கில அரசு முதலில் மலைப்பாதைகளை அடைத்து வணிகத்தை நிறுத்தியது. அது பலிக்காததால் 1874-75 குளிர்காலத்தில் ஒரு படையை அனுப்பியது. வரலாற்று நூல்களில் ‘டாஃப்லா படையெடுப்பு’ என்று இது குறிக்கப்படுகிறது. சிறைபிடிக்கப்பட்டோர் மீட்கப்பட்டனர், படை திரும்பியது.

அப்படையோடு நில அளவையாளராகச் சென்றவர் ஹென்றி ஹேவர்ஷாம் காட்வின்-ஆஸ்டின். 1834இல் இங்கிலாந்தில் பிறந்த இவர், இந்திய முக்கோண நில அளவைப் பணியில் சேர்ந்து காஷ்மீரிலும் காரகோரத்திலும் பல ஆண்டுகள் உழைத்தவர். 1861இல் பால்டோரோ பனியாற்றை அளந்தவர். உலகின் இரண்டாவது உயரமான சிகரமான கே-2வுக்கு இவர் பெயரைச் சூட்ட வேண்டும் என்று பின்னாளில் முன்மொழியப்பட்டது. அது அதிகாரபூர்வமாக ஏற்கப்படவில்லை. ஆயினும் அதன் அடியிலுள்ள ஒரு பனியாறு இன்றும் இவர் பெயரால் வழங்குகிறது. 1863-64இல் பூடானுக்குச் சென்ற தூதுக்குழுவிலும் இவர் இருந்தார். அதன்பின் காரோ, காசி, ஜைந்தியா, நாகா மலைகள் என வடகிழக்கின் பெரும்பகுதியை அளந்து வரைபடமாக்கியது இவருடைய பணி.

அளவைக் கருவிகளோடு வலையும் குடுவையும் எடுத்துச் சென்றவர்களில் ஆஸ்டின் முதன்மையானவர். நிலத்திலும் நன்னீரிலும் வாழும் நத்தைகளே அவருடைய தனி ஈடுபாடு. பறவைகளையும் அவர் பெருந்தொகையாகச் சேகரித்தார். டாஃப்லா மலைகளில் கிடைத்த ஒரு பறவையை அம்மலைகளின் பெயராலேயே 1875இல் அவர் விவரித்தார். அந்த மலைகளின் கதவு அவருக்குத் திறந்ததே படையெடுப்பால்தான். துப்பாக்கி ஏந்திய அணிவகுப்பின் பின்னால் தொலைநோக்கியும், அதன் பின்னால் சேகரிப்புப் பெட்டியும் சென்ற காலம் அது. அத்தகைய பயணங்களால் உருவான அவருடைய சேகரிப்பின் வழியாகத்தான் ஹர்முட்டிக் குன்றுகளின் அந்த ஓணானும் கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தை அடைந்தது. 1877இல் உடல்நலக் குறைவால் ஆஸ்டின் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். ஓணான் கல்கத்தாவிலேயே தங்கிவிட்டது.

அதை எடுத்துக் கூர்ந்து நோக்கியவர் தாமஸ் நெல்சன் அன்னண்டேல். எடின்பரோவில் பிறந்த இவர் 1904இல் இந்தியா வந்து, 1907இல் இந்திய அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரானார். அதே ஆண்டு அருங்காட்சியகத்துக்கென ஓர் ஆய்வேட்டைத் தொடங்கினார். 1916இல் இந்திய விலங்கியல் அளவைத் துறை உருவானபோது அதன் முதல் இயக்குநரும் இவரே. தாம் தொடங்கிய ஏட்டின் இரண்டாம் தொகுதியில், 1908இல், இரண்டு பக்க அளவே உள்ள ஒரு குறிப்பில் அந்த ஓணானைப் புதிய சிற்றினமாக அவர் அறிவித்தார். சேகரித்தவரின் நினைவாக அதற்கு அவர் சூட்டிய பெயர் ‘சேலியா ஆஸ்டினியானா’.

சேலியா என்ற பேரினப் பெயர் தமிழ் வாசகர்களுக்கு நெருங்கிய நிலத்தைச் சேர்ந்தது. நீலகிரியிலும் பழனி மலைகளிலும் சோலைக்காட்டு ஓரங்களிலும் தேயிலைத் தோட்ட வேலிகளிலும் குளிர்காயும் முதுகுமுள் ஓணான், ஜான் எட்வர்டு கிரே 1845இல் விவரித்த சேலியா ஹார்ஸ்ஃபீல்டி. ஆனைமலையில் வாழும் அதன் உறவு இனத்தை ரிச்சர்டு ஹென்றி பெட்டோம் 1878இல் விவரித்தார். அசாம் எல்லையில் கிடைத்த ஓணானையும் இதே பேரினத்தில் சேர்த்தபோது, அன்னண்டேல் ஒரு பெயரை மட்டும் சூட்டவில்லை. ஓர் உறவையும் சொன்னார். நீலகிரி ஓணானும் இமயமலை அடிவார ஓணானும் ஒரே குடியிலிருந்து வந்தவை என்பது அதன் பொருள்.

இது சிறிய கூற்றன்று. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்கு இமயமலைக்கும் இடையே ஈராயிரம் கிலோமீட்டர் அளவுக்கு வறண்ட சமவெளியும் பீடபூமியும் கிடக்கின்றன. குளிர்ந்த மலைக்காட்டை விட்டு அகலாத ஓர் உயிரினம் அந்த இடைவெளியை எப்படிக் கடந்தது? இந்திய உயிர்ப்புவியியலின் நெடுநாள் புதிர்களில் இதுவும் ஒன்று. அன்னண்டேல் தலைமை தாங்கிய அதே நிறுவனத்துக்குப் பின்னாளில் இயக்குநரான சுந்தர் லால் ஹோரா, மலையோடைகளில் வாழும் மீன்களை ஆராய்ந்து, விந்திய-சாத்பூரா மலைத்தொடர் வழியாக அவை தெற்கே வந்திருக்கலாம் என்ற கருதுகோளை 1940களில் முன்வைத்தார். ஓர் ஓணானை எந்தப் பேரினத்தில் வைப்பது என்பது அருங்காட்சியக அலமாரியை ஒழுங்குபடுத்தும் வேலை மட்டுமன்று என்பது இதிலிருந்து புலனாகும். தவறான பேரினத்தில் வைத்தால், நிகழாத ஓர் இடப்பெயர்வுக்கு அது சாட்சியாகிவிடும்.

இந்த வகைப்பாட்டை ஏற்காதவர் மால்கம் ஸ்மித். தொழிலால் மருத்துவர், சயாம் அரசவையில் மருத்துவராகப் பணியாற்றியவர். ஓய்வுக்குப் பின் லண்டனில் அமர்ந்து, பிரிட்டிஷ் இந்தியாவின் ஊர்வன பற்றிய மூன்று தொகுதிகளை எழுதினார். பல்லிகளுக்குரிய தொகுதி 1935இல் வெளிவந்தது. இந்தியப் பல்லிகளை ஆராய்வோர் இன்றும் முதலில் புரட்டும் நூல் அதுவே. நீலகிரி ஓணானோடு இதைச் சேர்க்க இயலாது என்று கண்ட ஸ்மித், இதற்கெனத் தனிப் பேரினம் ஒன்றையே உருவாக்கி, ‘மிக்டோஃபோலிஸ்’ என்று பெயரிட்டார். கலப்பும் செதிலும் குறிக்கும் கிரேக்கச் சொற்களால் ஆன பெயர் அது. உடலின் சிறு செதில்களுக்கிடையே பெரிய செதில்கள் விரவிக் கிடப்பதை அது சுட்டுகிறது. ஆக, ஒரே ஓர் உடலின் மேல் ஒரு சிற்றினமும், அந்த ஒரே சிற்றினத்தின் மேல் ஒரு பேரினமும் எழுந்து நின்றன.

அதன்பின் நீண்ட மௌனம். இதற்கு ஓணான் அரிதாகிவிட்டது காரணம் என்று எண்ணத் தோன்றும். வரலாறு வேறு காரணங்களையே முன்னிறுத்துகிறது.

முதலாவது, எல்லை. 1873இல் வரையப்பட்ட உள்கோடு இன்றும் நடைமுறையில் உள்ளது. ஆங்கிலேயர் காலத்தில் அதற்கு அப்பால் இயற்கையியலாளர்கள் சென்ற வேளைகள் பெரும்பாலும் படைகள் சென்ற வேளைகளே. 1911இல் நோயல் வில்லியம்சன் என்ற அரசியல் அதிகாரி சியாங் பள்ளத்தாக்கில் கொல்லப்பட்டதும், 1911-12இல் அபோர் படையெடுப்பு நடந்தது. அதனோடு இந்திய அருங்காட்சியகத்தின் ஸ்டான்லி கெம்ப் சென்றார். புழுவுக்கும் பூச்சிக்கும் இடைப்பட்டதெனத் தோன்றும் ‘டைஃப்லோபெரிபேட்டஸ்’ என்ற விந்தை உயிரினத்தை அவர் அங்கே கண்டுபிடித்தார். அதன் சிற்றினப் பெயரில் கொல்லப்பட்ட வில்லியம்சனின் பெயர் இடம்பெற்றது. நாற்பதாண்டு இடைவெளியில் இரண்டு படையெடுப்புகள். இரண்டிலும் ஓர் இயற்கையியலாளர். படை போகாத பள்ளத்தாக்குகள் அறிவியல் வரைபடத்தில் வெறுமையாகவே இருந்தன.

‘அபோர்’ என்பதும் பிறர் இட்ட பெயரே. அம்மக்கள் தங்களை ஆதி என்பர். ஆஸ்டினின் ஓணானுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பொதுப்பெயர்களுள் ஒன்று ‘அபோர் மலை ஓணான்’. கிடைத்தது டாஃப்லா மலையடிவாரத்தில். பெயரோ கிழக்கே வேறொரு மக்களின் மலையைச் சுட்டுகிறது. தொலைவிலிருந்து பெயரிடுவோருக்கு அம்மலைகள் அனைத்தும் ஒன்றுபோலவே தெரிந்தன என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு தேவையில்லை.

இரண்டாவது காரணம், ஓணானின் வாழிடம். மரத்தில் வாழும் ஓணானைத் தரையில் நடந்து தேடுபவர் காண்பது தற்செயல். மழைக்காட்டில் கிளைகள் பாசியாலும் பற்றுச்செடிகளாலும் மூடிக் கிடக்கும். பட்டையின் நிறத்தோடு ஒன்றிப்போகும் உடல். ஆள் நெருங்கினால் கிளையின் மறுபுறம் நகர்ந்துவிடும் பழக்கம். இவை இரண்டும் போதும், பகலில் அதை முற்றாக மறைக்க. இக்காலக் கள ஆய்வாளர்கள் இத்தகைய ஓணான்களை இரவில் தேடுவதற்குக் காரணம் இதுதான். மரவோணான்கள் பல மெல்லிய கிளைநுனிகளிலும் செடிகளின் தண்டுகளிலும் உறங்குகின்றன. எதிரி ஏறிவந்தால் கிளை அசைந்து எழுப்பிவிடும் என்பது அதன் பயன். உறங்கும் உடல் கைவிளக்கின் ஒளியில் வெளிறித் தெரியும். இதற்கு ஒருவர் அக்காட்டில் இரவுகளைக் கழிக்க வேண்டும். மழைக்காலத்திலும் கழிக்க வேண்டும். குளிர்காலத்தில் வந்து, முகாமிட்டு, அளந்துவிட்டுத் திரும்பும் படைகளால் இது இயலாது.

மூன்றாவது காரணம் விடுதலைக்குப் பின்னர் சேர்ந்தது. வடகிழக்கு எல்லைப்புற முகமை என்ற பெயரில் நிர்வகிக்கப்பட்ட இப்பகுதி 1962 போரின் களமாயிற்று. 1972இல் ஒன்றியப் பகுதியாகவும் 1987இல் மாநிலமாகவும் அருணாசலப் பிரதேசம் உருவான பின்னரும், எல்லைப் பாதுகாப்பின் கண்ணோட்டமே அதன்மேல் மேலோங்கி நின்றது. ஊர்வன ஆய்வாளர்கள் நெடுங்காலம் தங்கிப் பணியாற்றும் சூழல் மெதுவாகத்தான் அமைந்தது.

அந்தச் சூழல் கனிந்த இடங்களுள் ஒன்று, மேற்கு காமெங் மாவட்டத்தின் ஈகிள்நெஸ்ட் வனவிலங்கு சரணாலயம். 1950களில் அங்கு நிலைகொண்டிருந்த இந்தியப் படையின் செங்கழுகுப் பிரிவிலிருந்து அதற்கு இப்பெயர் வந்ததாகச் சொல்லப்படுகிறது. 1989இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு ஏறத்தாழ 218 சதுர கிலோமீட்டர். ஐந்நூறு மீட்டர் உயரத்திலிருந்து மூவாயிரம் மீட்டருக்கு மேல் வரை காடு இடையறாது ஏறிச்செல்வது இதன் தனிச்சிறப்பு. வானியலாளரான ரமணா அத்ரேயா, 2003 முதல் 2006 வரை இங்கே ஒரு பல்லுயிர்த் திட்டத்தை நடத்தினார். பறவைகளோடு ஊர்வனவும் நீர்நில வாழ்வனவும் வண்ணத்துப்பூச்சிகளும் பட்டியலிடப்பட்டன. அந்தப் பட்டியலில் ஆஸ்டினின் ஓணான் இடம்பெற்றது. ஆஸ்டின் காலத்துக்குப் பின் நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, ஹர்முட்டிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் மேற்கே, அந்த இனத்தின் இரண்டாவது பதிவு கிடைத்தது.

இரண்டு புள்ளிகள் கிடைத்ததும் கதை மாறியது. ஒரே இடத்தில் ஒரே உடலாக இருந்தது, இமயமலையின் அடிவார நெடுகிலும் பரவியிருக்கக்கூடிய ஓர் இனமாயிற்று. 2010இல் ஸ்டீபன் மஹோனி என்ற ஊர்வன ஆய்வாளர், அதிகம் அறியப்படாத ஆசிய ஓணான் இனங்கள் சிலவற்றை மறு ஆய்வு செய்தபோது, மிக்டோஃபோலிஸ் தனிப் பேரினமாக நிற்கத் தேவையில்லை என்று முடிவுசெய்து, இதை ‘சூடோகேலோட்டஸ்’ என்ற பேரினத்தில் சேர்த்தார். தாய்லாந்து, மலேயத் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா என விரிந்து கிடப்பது அப்பேரினம். அன்னண்டேலின் பெயர் இந்த ஓணானின் உறவினரைத் தெற்கே நீலகிரியில் காட்டியது. மஹோனியின் பெயர் கிழக்கே தென்கிழக்கு ஆசியாவில் காட்டுகிறது. சேலியா இன்று மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரிய பேரினமாகச் சுருங்கிவிட்டது. இத்தனை மாற்றங்களிலும் ஆஸ்டினின் பெயர் மட்டும் நிலைத்து நிற்கிறது. பேரினம் மாறினாலும் முதலில் இட்ட சிற்றினப் பெயர் தொடர வேண்டும் என்பது விலங்கியல் பெயரிடலின் விதி. சிகரத்தில் நிலைக்காத பெயர் ஓர் ஓணானில் நிலைத்துவிட்டது.

இந்த மறுமதிப்பீட்டுக்குப் பழைய உடல் இன்றியமையாதது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓர் இனத்தின் பெயர் சட்டப்படி எந்த உடலோடு பிணைக்கப்பட்டிருக்கிறதோ, அதையே எந்த ஐயத்துக்கும் இறுதிச் சான்றாகக் கொள்வர். ஈகிள்நெஸ்ட்டில் கண்டது ஆஸ்டினின் ஓணானே என்று சொல்வதற்கும், கல்கத்தாவில் யாரோ ஒருவர் நூறாண்டுகளாகச் சாராயம் வற்றாமல் குடுவையை நிரப்பி வந்ததுதான் அடிப்படை. படையெடுப்பின் நிழலில் வந்த உடல் என்பதால் அதன் அறிவியல் மதிப்பு குறையாது; அதன் அறிவியல் மதிப்பால் அந்த நிழல் மறைந்துவிடுவதும் இல்லை. இரண்டையும் ஒருசேரச் சொல்வதே வரலாற்றின் கடமை.

அதே ஈகிள்நெஸ்ட்டில், அதே ஆண்டில், வேறொரு பெயரிடலும் நடந்தது. அத்ரேயா 1995இல் முதன்முதலாகக் கண்டிருந்த ஒரு பாடும் பறவையை 2006இல் வலையில் பிடித்து, அளந்து, படமெடுத்து, உதிர்ந்த சில இறகுகளை மட்டும் வைத்துக்கொண்டு பறக்க விட்டார். எண்ணிக்கையில் மிகச் சிலவே இருக்கக்கூடிய ஒரு பறவையைச் சான்றுக்காகக் கொல்வது தகாது என்பது அவர் சொன்ன காரணம். புதிய இனத்தை அறிவித்தபோது அதற்கு அவர் சூட்டிய பெயர் ‘லியோசிக்லா புகுனோரம்’. அக்காட்டை ஒட்டி வாழும் புகுன் மக்களின் பெயர் அது. அம்மக்களின் சிங்சுங் ஊரார் 2017இல் தங்கள் சமூகக் காட்டில் ஏறத்தாழ 17 சதுர கிலோமீட்டரை, அப்பறவை வாழும் பகுதியை உள்ளடக்கி, காப்பகமாக்கினர். தன் பெயரைத் தாங்கிய பறவையை ஓர் ஊரே காக்க முன்வந்தது.

ஓணானுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. சேலியா, மிக்டோஃபோலிஸ், சூடோகேலோட்டஸ், ஆஸ்டினியானா, அபோர் மலை ஓணான், அன்னண்டேலின் ஓணான் என்று இத்தனை பெயர்கள் அதற்கு உண்டு. அவற்றுள் ஒன்றுகூட அது வாழும் மலைகளில் பிறந்த சொல் அன்று. ஹர்முட்டிக் குன்றுகளில் அதைப் பிடித்துக் கொடுத்த கை எவருடையது என்று எந்தப் பெயரும் சொல்வதில்லை. காட்டில் நாள்தோறும் நடமாடிய நியிஷி வேட்டைக்காரர் அதை என்னவென்று அழைத்தார் என்ற கேள்விக்கும் அப்பெயர்களில் இடமில்லை.

‘ஒரு நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட இனம்’ என்று இத்தகைய செய்திகள் எழுதப்படுவது வழக்கம். ஓணானின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது எங்கும் தொலைந்துபோகவில்லை. கக்குவான் இருமல் மலையேறிய ஆண்டிலும், உள்கோடு வரையப்பட்ட ஆண்டிலும், போர் நடந்த ஆண்டிலும், பாசி படர்ந்த கிளைநுனியில் இரவுதோறும் அது உறங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்த மரத்தடிக்கு விளக்கோடு எவரும் வரவில்லை என்பதே அந்த நூற்றாண்டு மௌனத்தின் பொருள். அருணாசலத்தின் பள்ளத்தாக்குகளில் சாலைகளும் அணைகளும் திட்டமிடப்படும் இக்காலத்தில், ‘இங்கே அரிய இனங்கள் எவையும் பதிவாகவில்லை’ என்ற ஒற்றை வரியை எந்த அறிக்கையில் படிக்க நேர்ந்தாலும் இந்த ஓணானை நினைத்துக்கொள்வது நல்லது. அங்கே எத்தனை இரவுகள் தேடினார்கள் என்று கேட்ட பிறகே அந்த வரியை நம்ப வேண்டும்.